மறியல் வாரத்து மெக்கானிக்

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் அது மூன்றாம் நாள். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே படுத்திருந்தன. பஸ் இல்லை. ஒர்க்‌ஷாப்புகளும் பூட்டிவிட்டன. வேலை இல்லாத மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? அய்யனாருக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

டீக்கடையில் காதில் விழுந்த சேதி அப்படி. கச்சிராயபாளையத்துத் தைலம்மாள் வீட்டுக் காருக்குப் போன வாரம் புது டைனமோ வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். வீட்டில் ஆம்பளையே இல்லை. இதற்குமேல் ஒரு திருடனுக்கு என்ன வேண்டும்!

அய்யனார் ஏற்கெனவே ஒரு லாரி பேட்டரிக்காக மூன்று மாதம் உள்ளே இருந்தவன். இன்னொரு தடவை போலீசில் சிக்கினால் கல்வராயன் மலையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பவே மாட்டேன் என்று மனைவி பாப்பாத்தி சத்தியம் செய்திருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் புது டைனமோ ஆயிற்றே. இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு ஸ்பேனர் பையைத் தூக்கினான். கடைசி என்று சொல்லாத திருடன் எவன்?

பட்டப்பகலில், வாசல் வழியாகவே போனான். ஐயாதான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், வண்டியைப் பார்க்க வந்தேன் என்று கூசாமல் புளுகினான். தைலம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஷெட்டைத் திறந்துவிட்டு மோர் வேறு கொடுத்தாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வெள்ளந்தியா என்று அய்யனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பானெட்டைத் தூக்கினான். புது டைனமோ என்றார்களே, கரியும் எண்ணெயுமாக இருக்கிறதே? மலைரோட்டுப் புழுதிக்கு ஒரு வாரம் போதாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மேலே இருந்த இரண்டு போல்ட்டும் சமர்த்தாக வந்துவிட்டன. அடியில் இருந்த மூன்றாவது துருப்பிடித்து, வருவேனா பார் என்று உட்கார்ந்திருந்தது.

மண்ணெண்ணெய் கேட்டான், வந்தது. ஊற்றித் திருகினான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. சுத்தியல் கேட்டான், அதுவும் வந்தது. அடித்த அடியில் தொழுவத்து மாடு மிரண்டதே ஒழிய போல்ட் மிரளவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன், கொடியில் ஒரு காக்கிக் கால்சட்டை காய்வதைப் பார்த்தான்.

"அது யாருதுங்கம்மா?"

"என் தம்பி காசிநாதன். டேசன்ல ஏட்டு. பஸ்ஸு இல்லாம இங்கியே மாட்டிக்கினான்," என்ற தைலம்மாள், ஒரு கை பிடிக்கச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டாள்.

பாப்பாத்தி மூட்டை முடிச்சோடு மலையேறுவது அய்யனாரின் கண்ணுக்குள் தெரிந்தது. ஓடலாம்தான். ஓடினால் துரத்துவார்களே! ஏட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பேர் கேட்டார், ஊர் கேட்டார். அய்யனார் மச்சான் பேரையும் மாமனார் ஊரையும் சொல்லிவைத்தான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று ஏட்டு இழுத்தார். அவ்வளவுதான், அய்யனார் மூக்கைச் சொறிகிற சாக்கில் முகம் பூராவும் கிரீஸை அப்பிக்கொண்டான்.

இனி போல்ட் கழன்றால்தான் வெளியே போகமுடியும். ஓர் இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னான். பெட்ரோல் குழாய்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுக் கம்பியைப் போல்ட்டின் தலையில் வைத்தான். ஸ்பேனரின் வாலில் நீளமான இரும்புக் குழாயைச் செருகினான். ஏட்டு அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனார்.

"அப்பிடி இல்லீங்க. மொதல்ல கொஞ்சம் இறுக்குங்க. இறுக்கினாதான் துரு வுடும்."

போலீசும் திருடனும் ஒரே குழாயில் தொங்கினார்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி... டப்பென்று ஒரு சத்தம். ஏட்டு மல்லாக்க விழுந்தார். போல்ட் வந்துவிட்டது! நடையில் உட்கார்ந்திருந்த தைலம்மாளின் மகள் செந்தமிழ்ச்செல்வி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தாள்.

ரிப்பேர் பார்த்து நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று டைனமோவோடு கிளம்பினான் அய்யனார். தைலம்மாள் இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். பிரித்தால், பளபளவென்று புது டைனமோ.

"இத்த மாட்டிட்டு, அந்தப் பழச நீயே எடுத்துக்கினு போப்பா."

மாட்டினான். அய்யனார் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஏட்டு பின்னாலிருந்து மூச்சிரைக்கத் தள்ள, கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தைலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வண்டி என்றால் மறியல்காரர்களே மரத்தை நகர்த்தி வழிவிடுகிறார்களாம். இனி எந்நேரம் வலி எடுத்தாலும் தம்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்றாள். சோறு போட்டாள், புது வேட்டி ஒன்றும் வைத்துக் கொடுத்தாள். பாப்பாத்தி இனி எங்கேயும் போகமாட்டாள் என்ற சந்தோஷத்தில் அய்யனாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசல் வரை கூடவே வந்த ஏட்டு, அவன் தோளில் கையைப் போட்டார். "மூணு மெக்கானிக்கு கைவுட்ட போல்ட்டு, அய்யனாரு." அய்யனாரின் கையிலிருந்து பழைய டைனமோ நழுவப் பார்த்தது. ஏட்டே அதைத் தாங்கிப் பிடித்து அவன் கையில் கொடுத்தார்.

"மறியல்ல கூப்புட்டா எவன் வரான்? அதான், புது டைனமோ இருக்குது, வூட்ல ஆம்பள இல்லன்னு உன் காதுல வுழற மாதிரி டீக்கடையில சொல்லச் சொன்னேன்."