தூக்குமேடையில் ஒரு முக்காடு

"இவன் என்னுடையவன்!"

கத்திக்கொண்டே தூக்குமேடையில் ஏறிய உர்சுலா, தன் தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை உருவி, தூக்குக்குக் காத்து நின்ற வலென்டியின் தலைமேல் போட்டாள்.

சந்தைத் திடலில் கூடியிருந்த கூட்டத்தில் ஒரே இரைச்சல்.

"அடிப்பாவி! ஊர் முன்னாடி தலையைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்கிறாளே!"

"ரொட்டிக்கடை அடுப்படியில மாவு பிசையறவளுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?"

"சும்மா கெடங்கடி," என்றார் கொல்லர். "கன்னிப்பொண்ணு முக்காட்டைப் போட்டு 'என்னுடையவன்'னு சொல்லிட்டா, தூக்குல போடக்கூடாது. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடணும். நம்ம பாட்டன் காலத்து வழக்கம்."

 இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று உர்சுலா கேள்விப்பட்டதோடு சரி. யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

"பைத்தியமே, இறங்கிப் போ," என்றான் வலென்டி முக்காட்டுக்குள்ளிருந்து. "குதிரையைத் திருடினது நான்தான். உனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

"வாயை மூடு. மாப்பிள்ளை குதிரையில வந்து இறங்கணும்னு யாருடா உன்னைக் கேட்டா? நடந்து வந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

தூக்குக்காரன் கயிற்றைப் பிடித்தபடி நீதிபதியைப் பார்த்தான். அந்தச் சின்ன ஊருக்குச் சொந்தமாகத் தூக்குக்காரன் கிடையாது. இவன் பெரிய ஊரிலிருந்து இரவல் வாங்கப்பட்டவன்.

"ஐயா, மாட்டவா, வேண்டாமா? இருட்டறதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும்."

நீதிபதி ஹியரோனிம் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உர்சுலா மண்டியிட்டாள். "ஐயா, நான் இவனைக் கட்டிக்கிறேன். இன்னைக்கே கண்காணாத இடத்துக்குப் போயிடறோம். குதிரைதான் திரும்பக் கிடைச்சிடுச்சே, ஐயா!"

நீதிபதி தலையணை கனத்திலிருந்த சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம ஊர் மக்தபுர்க்ங்கிற ஜெர்மன் நகரத்துச் சட்டப்படி நடக்குது. ராஜாவே கொடுத்த உரிமை. இதுல எந்தப் பக்கத்துல முக்காடு இருக்கு? படிச்சுக் காட்டு, பார்ப்போம்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"தெரிஞ்சாலும் இருக்காது!"

சிலர் சிரித்தார்கள். கொல்லருக்குச் சிரிப்பு வரவில்லை.

"புஸ்தகம் ஜெர்மன்காரன் எழுதினதுங்க. வழக்கம் நம்ம போலந்து மண்ணோடது."

"வழக்கமாம், வழக்கம்!" நீதிபதியின் குரல் கிறீச்சிட்டது. "கழுத்துல கயிறு ஏறினவன் அதோட செத்தவனுக்குச் சமம். அவன் சாட்சி சொல்ல முடியாது, பதவியில உட்கார முடியாது. அப்படிப்பட்டவனை உயிரோட விட்டு யாருக்கு என்ன லாபம்? எடுய்யா அந்தத் துணியை!"

தூக்குக்காரன் முக்காட்டைப் பிடுங்கி எறிந்தான். அது சேற்றில் போய் விழுந்தது.

 அவ்வளவுதான். இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது. வலென்டி அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கயிறு அவன் கழுத்தில் ஏறியது.

அப்போதுதான் கூட்டம் விலகி வழிவிட்டது. நீதிபதியின் மனைவி அகத்தா வந்துகொண்டிருந்தாள்.

அகத்தா என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் குலைநடுக்கம். கறி கூடாத வெள்ளிக்கிழமையில் எந்த வீட்டிலாவது கறி வாசனை அடித்தால் நேரே பாதிரியாரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஆற்றங்கரையில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்ததற்காக உர்சுலாவே ஒருமுறை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"தொலைஞ்சா இவ இன்னைக்கு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

படியேறி வந்த அகத்தா உர்சுலாவின் எதிரே நின்றாள். அறை விழப்போகிறது என்று உர்சுலா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அகத்தாவின் கையில் அந்த முக்காடு இருந்தது. சேற்றோடு எடுத்து வந்திருந்தாள். ஒரு உதறு உதறி, அதை மறுபடியும் வலென்டியின் தலைமேல் போட்டாள்.



"அகத்தா!" நீதிபதி பதறினார். "என்ன காரியம் பண்றே? வீட்டுக்குப் போ!"

"எந்த வீட்டுக்குங்க? நான் வாயைத் திறந்தா, நாளைக்கு அந்த வீடும் நமக்கு இல்ல, உங்க நாற்காலியும் இல்ல. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"அகத்தா... வேண்டாம்."

ஹியரோனிம் கெஞ்சி அந்த ஊர் கேட்டதே இல்லை.

அகத்தா உர்சுலாவின் தோளில் கை வைத்தாள்.  கணவனைப் பார்த்து அவள் கேட்ட குரல் திடல் முழுக்கக் கேட்டது.

"எங்க ஊர்ச் சந்தையில உங்க கழுத்துல கயிறு கிடந்தப்ப, நான் போட்ட முக்காட்டை எந்தப் புஸ்தகத்தைப் பார்த்துங்க ஏத்துக்கிட்டீங்க?"