உரிக்காத தாள்

தமீம் கையிலிருந்த கொஞ்சப் பணத்துக்கு அவனுடைய கூட்டாளி அமலன்தான் கடை கடையாக ஏறி இறங்கி கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கினான். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பியபோதுதான் அமலனுக்கு உறைத்தது. வீட்டில் சண்டை போட்டுத் தான் வாங்கிய கம்ப்யூட்டரைவிட இதில் கேம் வேகமாக ஓடும்.

"உன்னோடதையே தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்குடா!" என்று தமீம் குதித்தான். அமலனுக்கு வயிறு எரிந்தது.

பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரை எடுத்தான். அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. உரிக்காமல் மாட்டினால் சூடேறி, கேம் ஆமையாக நகரும். உரிக்காமலே வைத்தான்.

"உரிக்கணும்னு அதுலயே போட்டிருக்கேடா?"

"அது கீறல் விழாம இருக்க. கிடக்கட்டும்."

"நீ சொன்னா சரி." தமீம் இரண்டு கையாலும் கூலரை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். "ம், ஸ்க்ரூவை முடுக்கு."