இதுதான் கார்!

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் அப்பாவின் வாய் ஓயவில்லை.

"பழைய பெட்ரோல் காரையெல்லாம் தெருவே கூடி கரண்ட் காரா மாத்துதாம்! வெல்டர் பேட்டரிக்குப் பெட்டி அடிக்கிறாராம், மிக்சி ரிப்பேர்காரர் மோட்டார் மாட்டுறாராம். அது மாவுதான் அரைக்கும்!"

பக்கத்தில் இருந்த மகள் வண்டி ஓட்டுபவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என் காரையும் அந்தக் கூட்டத்துக்கிட்ட கொடுத்துக் கெடுத்துட்டே. இந்த டாக்சியைப் பாரு, சத்தமில்லை, குலுக்கலில்லை. கார்னா இது!"

வண்டி வீட்டு வாசலில் நின்றது.

"நாளைக்கு என் ரெண்டு கண்ணுலயும் போட்டிருக்கிற கட்டைப் பிரிக்கப் போகணுமே, அதுக்கும் இதே டாக்சியைச் சொல்லிடு."

"இது டாக்சி இல்லைப்பா, உங்க கார். தெருக்காரங்க வேலையை முடிச்சு, அவங்களே ஓட்டிட்டு வந்திருக்காங்க."

அப்பா சீட்டைத் தடவினார். ஓரத்துப் பழைய கிழிசல் விரலில் தட்டுப்பட்டது.

"அதானே பார்த்தேன்! கிளம்பினதிலிருந்தே ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே வருது!"