மை நீக்கிய முகங்கள்

கயிறு அவர் கையில் இருந்தது. இழுத்தால் திரை விலகும்.

கல்லூரி முதல்வர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"மறைக்கப்பட்ட வரலாறு" என்று மேடைக்குப் பின்னால் பதாகை. அதில் முதல்வரின் படம் பெரிது. தாளாளரின் படம் அதைவிடப் பெரிது. வரலாற்றுக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராட்டம் பற்றிய கண்காட்சி. அந்தச் சொல் வரும்போதெல்லாம் முதல்வர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இவர்கள்" என்றார். இரண்டாவது பாட்டில் திறந்தாகிவிட்டது.

சிறப்பு விருந்தினர் அவர்தான். பம்ப்செட் தொழிலதிபர், முன்னாள் மாணவர், இந்த அரங்குக்கு ஏசி போட்டுக் கொடுத்தவர். ரத்ததான முகாமுக்கும் அவர்தான், கோலப் போட்டிக்கும் அவர்தான். எதற்கு என்று கேட்காமல் வந்து பழக்கம்.

முதல் வரிசையில் மனைவி. பக்கத்தில் புது சம்பந்தி. தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று," என்றார் முதல்வர். "மெட்ராஸில் ஒரு மொட்டை மாடியில் இவர்கள் ஏழு பேர் எடுத்துக்கொண்ட படம். பயந்துபோய் ஏழு முகங்களிலும் கறுப்பு மை பூசியிருந்தார்கள். பெருமையோடு சொல்கிறேன், நம் கணினித் துறை அந்த மையை நீக்கிவிட்டது!"

கைதட்டல்.

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

மை பூசியது அவர்தான். ராயப்பேட்டை அறையில், பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக. சின்னப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

தன் முகத்தைச் சட்டென்று பூசிவிட்டார். தோளில் கை போட்டு நின்ற ஏகாம்பரத்தின் முகத்தைப் பூசத்தான் மனம் வரவில்லை; கடைசியாகப் பூசினார். அவன் செத்துப்போய் இருபது வருஷம். அவனுக்கென்று இருந்த ஒரே படம் அது.

"ஐயா, இழுக்கலாம்."

சம்பந்தி வீடியோ எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்.

இழுத்தார்.

ஏழு முகங்கள்.

ஏழும் அந்நியர்கள்.

மைக்கு அடியில் இருந்ததைக் கணினி எங்கே கண்டது? தானாக ஏழு பேரை வரைந்து ஒட்டியிருந்தது. ஏகாம்பரத்தின் கழுத்துக்கு மேல் சோப்பு விளம்பரத்து முகம் ஒன்று சிரித்தது. அவருடைய கழுத்துக்கு மேல் சோடாபுட்டிக் கண்ணாடியும் நடு வகிடுமாக வேறு யாரோ.

பிழைத்தோம் என்று மூச்சு விட்டார்.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"ஏலே, நம்ம சூப்பிரண்டு சாருலே!"

அரங்கம் சிரித்தது. ஐந்தாம் வரிசையில் இருந்த அலுவலகக் கண்காணிப்பாளர் தேவசகாயமும் சிரித்தார். அதே கண்ணாடி, அதே வகிடு. முப்பது வயதைக் கழித்தால் அச்சு அசல்.

சிரிப்பு ஓய்கிற நேரம் பக்கத்து நாற்காலிப் பேராசிரியர் கேட்டார். "ஆமா, தொண்ணூத்தி மூணுல நீரு மெட்ராஸ்லதான வே இருந்தீரு?"

"நான் இல்ல சார்."

எழுந்து நின்று சொன்னார் தேவசகாயம். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உதடு மட்டும்.

தலைகள் படத்தைப் பார்த்தன. அவரைப் பார்த்தன. மறுபடியும் படத்தை.

முதல்வர் குனிந்து துணை முதல்வரிடம் மெதுவாகக் கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை.

"பையன்க ஹாஸ்டல் பொறுப்பு இவருகிட்டயா இருக்கு?"

பிறகு மலர்ந்த முகத்தோடு மைக்கைச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்தார்.

ஒரு வாக்கியம் போதும். அந்த இடத்தில் நின்றது தேவசகாயம் இல்லை என்று சொன்னால் போதும்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

தேவசகாயம் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தியின் கைப்பேசி இன்னும் இறங்கவில்லை.

சிறப்பு விருந்தினர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"இந்தப் படத்தில் தெரிகிற ஒரு முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை," என்று தொடங்கினார். "ஆனாலும் இவர்களுக்குத் தலை வணங்குகிறேன்."

முதல் வாக்கியம் சத்தியமான உண்மை.

கைதட்டல் நீண்டது. அதன் நடுவே தேவசகாயம் வரிசையைக் கடந்து வெளியே போனார். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

வழி விடுவதற்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாக.