இரண்டு ஏஸ் இருந்தும்

லோர்னா சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். ராஜா. அடுத்ததும் ராஜா.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட நடக்கும் போக்கர் போட்டி. காலையில் உட்கார்ந்த கூட்டத்தில் மிஞ்சியது பதினொரு பேர், இரண்டு மேசை. முதல் பரிசு ஒரு பிக்கப் வண்டி. கடைசிப் பரிசு பத்தாவது ஆளுக்கு: குளிர்காலம் முழுக்க ஹீட்டருக்கு கேஸ். இந்தப் பதினொரு பேரில் முதலில் வெளியே போகிறவருக்கு வெறும் கைகுலுக்கல்தான்.

லோர்னாவுக்கு இரண்டு பரிசுமே வேண்டும். சந்தைக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டி படுத்துவிட்டது. வீட்டு டேங்கிலோ சொட்டு கேஸ் இல்லை. இந்த நெவாடா டிசம்பரில் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

முதுகுக்குப் பின்னால், அடுத்த மேசையில் வேட் கிம்பல் சிரிப்பது கேட்டது. ஊருக்கே கேஸ் விற்பவன். அந்தப் பரிசைக் கொடுத்தவனே அவன்தான். கையில் நாலைந்து பந்தயச் சில்லுதான் மிச்சம்; அது தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான்.

"என் கேஸை நானே ஜெயிச்சுட்டுப் போயிடுவேன் போலிருக்கே!"

இந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து, சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். எப்படியும் வேட்தான் முதலில் போவான். கேஸ் கைக்கு வந்த மாதிரி.

ஆனால் இரண்டு ராஜா. இதை விட்டால், மிச்சமிருக்கும் கொஞ்சம் சில்லை வைத்துக்கொண்டு வண்டியைக் கனவில்தான் ஓட்ட முடியும்.

எதிரே ஹார்லன் பெக், பழைய இரும்புக் கடைக்காரர், ஏற்கெனவே ஓர் அடுக்குச் சில்லை நடுவில் தள்ளியிருந்தார். போன வாரம் அவர் கடையில் ஒரு பழைய விறகடுப்புக்குப் பேரம் பேசி, படியாமல், "உன் துருவை நீயே வச்சுக் குளிர்காய்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"என்ன லோர்னா, இதுக்கும் பேரமா?" என்றார் ஹார்லன்.

அதுதான் அவளை உசுப்பிவிட்டது.

"பேரமே இல்ல. மொத்தத்தையும் வைக்கிறேன்."

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டைப் போட்டார்கள். முறை ஹார்லனுக்கு வந்தது.

அவர் சீட்டை ஒரு தடவை பார்த்தார். கவிழ்த்து வைத்தார். காபியை ஒரு வாய் குடித்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னய்யா, ரெண்டே சீட்டு. வேத புஸ்தகமா படிக்கிறே?" என்றாள் லோர்னா.

"அவ எவ்வளவு வச்சிருக்கா? எண்ணிச் சொல்லு, டோலோரஸ்."

சீட்டுப் பங்கிடும் டோலோரஸ் எண்ணிச் சொன்னாள்.

"சரியா எண்ணினியா? இன்னொரு தடவை."

"ஹார்லன், பனி வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்ப்பா," என்றார் பக்கத்தில் இருந்த பண்ணைக்காரர். மேசை சிரித்தது. ஹார்லன் சிரிக்கவில்லை.

லோர்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. "டோலோரஸ், நேரம் வை."

யார் கேட்டாலும் வைத்தாக வேண்டும். ஒரே நிமிடம். அதற்குள் சொல்லாவிட்டால் சீட்டு செத்துப்போகும். டோலோரஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஹார்லன் தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். நிமிடம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. கைதட்டல். "போச்சுடா, என் கேஸ் எவனுக்கோ!" என்று வேட் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

ஹார்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி, நானும் வைக்கிறேன்."

சீட்டைத் திருப்பினார். ஏஸ். இன்னொரு ஏஸ்.

இதைவிடப் பெரிய சீட்டு இந்த ஆட்டத்தின் ஆரம்பத்தில் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல இழுப்பது, எதிராளி முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அதற்காகவே நண்பர்கள் பல வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"அசிங்கம், ஹார்லன்," என்றார் பண்ணைக்காரர். "இதுக்கு அவ கன்னத்துல அறைஞ்சிருக்கலாம்."

"இவனோட இனிமே யாரு உட்காருவா?" என்றது இன்னொரு குரல்.

டோலோரஸ் நடுவில் இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டையும் விரித்தாள். லோர்னாவுக்கு ஒன்றும் உதவவில்லை. சில்லு மொத்தமும் ஹார்லனுக்கு. வண்டி போயிற்று.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஹார்லனை நோக்கிப் போனாள்.

டோலோரஸ் அவள் கையைப் பிடித்தாள். "லோர்னா, பத்தாவது ஆள் நீ. வேட் உனக்கு முன்னாலயே போயிட்டான்."

லோர்னா நின்றாள். ஹார்லனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தாள். அங்கிருந்து வேட்டின் இடம் நேர் எதிரே தெரிந்தது.

ஹார்லன் தலை நிமிரவில்லை. "வழியை விடும்மா. ஆட்டம் நடக்கணும்."

அறை விழுமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். லோர்னா அவர் தோளில் கையை வைத்தாள். கையை எடுக்காமலே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த ஆளை இனிமே யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. எனக்காக விட்டுக்கொடுத்துச் சீட்டைப் போட்டிருந்தா அது மோசடி, நானே உதைச்சிருப்பேன். வேட் எழுந்திரிக்கிற வரைக்கும், ரெண்டு ஏஸை வச்சுக்கிட்டு, உங்ககிட்டயும் என்கிட்டயும் பேச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. இன்னிக்கு ராத்திரி என் வீட்டுல ஹீட்டர் எரியும்."