காலியாக இருக்கும் ஒரே படுக்கை

முதியோர் இல்லத்து மேலாளர் அம்மாள் மேசைமேல் மூன்று படிவங்களைப் பரப்பிவைக்கிறாள். "இது தன் வேலையைத் தானே பார்த்துக்கிறவங்க இருக்கிற வீடு. இது குளிக்க, உடுத்தக் கை கொடுக்கவேண்டியவங்களுக்கு. இது ஞாபகம் தப்பினவங்களுக்கு, வாசல் எப்பவும் பூட்டியே இருக்கும். போன்ல நீங்க சொன்னது இதைத்தானே, சார்?" ஜன்னல் வெயில் மூன்றாவது படிவத்தின்மேல் விழுந்து கிடக்கிறது. மகன் பேனா மூடியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். மற்ற இரண்டிலும் இடம் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றதும், அன்று போனில் அவன் வாயில் வந்த பொய் அது. பக்கத்து நாற்காலியில் அம்மா. சற்றுமுன் படியேறும்போதுகூட, "மாத்திரைச் சீட்டைக் காரிலேயே விட்டுட்டியேடா, உன் மறதிக்கு ஒரு அளவே இல்லையா?" என்று கேலி செய்தவள். இப்போது மெல்லத் திரும்பி அவனைப் பார்க்கிறாள். அவனுக்குக் காது மடல் சுடுகிறது, குனிந்துகொள்கிறான். மேலாளர் அம்மாவிடம் அவனைக் காட்டுகிறாள். "பயப்படாதீங்கம்மா, ஒரே ஒரு கேள்விதான். இவர் யாருன்னு தெரியுதா?" சொல்லிவிடு அம்மா என்று நாக்கு நுனிவரை வருகிறது அவனுக்கு. நடைவழியில் ஒரு சக்கர நாற்காலி கிரீச்சிட்டுப் போகிறது. அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறாள். "யாரோ தெரியலையேம்மா. நல்ல பிள்ளையாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை போல, முகமே வாடிக் கிடக்கு." மேலாளர் மூன்றாவது படிவத்தை அவன் பக்கம் நகர்த்துகிறாள். 'உறவுமுறை' என்று அச்சிட்ட கட்டத்துக்கு மேலே அவன் பேனா அப்படியே நிற்கிறது.