வலப்பக்க நாற்காலி

மூன்று திரைகளிலும் ஒரே மணப்பெண்.

அவன்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். மற்றவர்கள் கடையில் ஓடும் மீனையும் அருவியையும் பார்த்து மானிட்டர் வாங்குவார்கள். கல்யாண ஆல்பம் செய்கிறவனுக்கு மீன் எதற்கு?

கூந்தல், குத்துவிளக்கு, அரக்குப் பட்டு. இவை சரியாக வந்தால் திரை சரி.

கடைக்காரம்மா விளக்கை அணைத்தார்.

முதல் திரையில் கூந்தல் நல்ல கறுப்பு. இரண்டாவதில் அதே கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. கீழ் மூலையில், திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் வேறு கசிந்தது. மூன்றாவது, பேக்லைட்டைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ரகம். கறுப்பு அருமை. ஆனால் குத்துவிளக்கின் சுடரைச் சுற்றி, சாமி படத்தில் இருப்பதுபோல, ஒரு ஒளிவட்டம்.

இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வெளிச்சம், இருட்டு, கூர்மை எதுவும் அவனை ஏமாற்ற முடியாது.

பட்டுதான் தெரியாது.

அவன் கண்ணுக்கு அரக்கும் பாசிப்பச்சையும் ஒன்று. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வெளியே தெரிந்தால் யார் ஆல்பம் கொடுப்பார்கள்? கடைக்காரம்மாவிடம் கேட்கவும் வழியில்லை. பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோ சகாயராஜ் கேபிள் வாங்க வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தெரிந்தது அவன் மனைவி தமயந்திக்கு மட்டும்.

கல்யாணமான புதிதிலிருந்து அவள் அவனுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிறம் சொன்னாள். சிவப்பு ஏத்துங்க. மஞ்சள் போதும். கை அவனுடையது, கண் அவளுடையது.

போன மாதம்வரை.

போன மாதம் அச்சாகி வந்த ஆல்பத்தில் பெண்ணின் முகமும் புடவையும் ரத்தச் சிவப்பு. மிளகாய்ப் பொடியை அப்பிவிட்டீர்களா என்று பெண்ணின் அத்தை ஸ்டுடியோவுக்கே வந்து சத்தம் போட்டாள். அந்தச் சிவப்பும் அவனுக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் கூசாமல் பொய் சொன்னது.

"நான் ஊர்லயே இல்லைங்க. இவ பாத்து அனுப்பினது. இவளுக்கு என்ன தெரியும்?"

தமயந்தி அங்கேயே நின்றிருந்தாள். ஒரு வார்த்தையில் அவன் குட்டை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அன்று மாலை அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் போட்டாள்.

சாப்பாடு உண்டு. பேச்சு உண்டு. பக்கத்தில் வந்து உட்காருவது மட்டும் இல்லை.

பிறகு திரையும் பேக்லைட் போய் இருண்டுவிட்டது.

நிறத்தை அப்படியே காட்டும் திரை ஒன்று வாங்கிவிட்டால் யார் தயவும் வேண்டாம் என்று கிளம்பிவந்தான். திரை எதைக் காட்டினாலும் பார்க்கப்போவது அவன் கண்தான். வீறாப்பில் இருப்பவனுக்கு அது எங்கே தோன்றும்?

முன்பு என்ன வைத்திருந்தான் என்று கடைக்காரம்மா கேட்டார். கேம் சென்டர் ஒன்றை மூடியபோது வாங்கியது, ஆறேழு வாரம்தான் ஓடியது என்றான்.

அவர் சிரித்துவிட்டார்.

"அது விளையாடுற புள்ளைங்களுக்கு சார். வேகமா இருக்கும், அவ்வளவுதான். நேரா உக்காந்து பாக்கணும். பக்கத்துல இருந்து பாத்தா கலரே வேற."

சர்வீசுக்கு வந்திருந்த அதே ரகத் திரை ஒன்றை எடுத்துவைத்து, அதிலும் மணப்பெண்ணைக் கொண்டுவந்தார். அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

வலப்பக்கம் நகர்ந்தான். தமயந்தியின் நாற்காலி இருந்த தூரம்.

நிறம் அவனுக்குத் தெரியாது. வெளிச்சம் தெரியுமே. நேரே நின்றபோது பளிச்சென்று இருந்த முகம், இங்கிருந்து வெளிறிப்போய், சோகை பிடித்தவள் முகமாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏத்துங்க.

அந்த ஆல்பம் செய்த அன்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நாற்காலியில் அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வெட்கமாக இருந்தது.

கடைக்காரம்மா விளக்கைப் போட்டார்.

"நீங்க ஒருத்தர்தான் பாக்கப்போறீங்கன்னா முதலாவதே போதும் சார். கறுப்பு நல்லாருக்கும். பக்கத்துலயும் ஆள் உக்காருவாங்கன்னா ரெண்டாவது எடுங்க. எங்க இருந்து பாத்தாலும் கலர் மாறாது."

எளிய கேள்விதான். அவன் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதுங்க. எங்க வீட்டம்மாதான் பாத்துச் சொல்லணும்."

சகாயராஜ் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

போனில் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வரவில்லை. கடைக்கு வந்து ஒரு திரையைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

கடைக்காரம்மா இரண்டாவது திரைக்கு நேரே ஒரு நாற்காலி போட்டார். பக்கத்தில் இன்னொன்று.

தமயந்தி வந்தாள். கைப்பையை மேசையில் வைத்தாள். பழக்கத்தில் வலப்பக்க நாற்காலிக்குப் போனாள்.

அதில் அவன் உட்கார்ந்திருந்தான்.